கொய்யாவைச் சாப்பிடலாமா, டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் இடைவேளை நேரத்தில் தரம் 8 பிள்ளை ஒருத்தி கையில் ஒரு கொய்யாப்பழத்தோடு என்னிடம் வந்தாள். பழுத்த பழம், நல்ல வாசம். "டீச்சர், இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். பின்பக்கத்துக் காணியில் பறித்த பழம் என்றாள்.

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பதினொரு வருடமாகப் படிப்பிக்கிறேன். "தெரியாது" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், அது வெட்கமில்லை. ஆனால் இந்தத் "தெரியாது" அப்படிப்பட்டதல்ல. தெரிந்திருக்க வேண்டியது. தெரிந்துகொள்ளாமல் விட்டதில் எனக்கும் பங்குண்டு.

அந்தக் காணியின் கதை இதுதான். ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். ரம்புக்கனைக்குப் பக்கத்தில் ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருடமாக அங்கே வாகனக் கராஜ் ஒன்று இருந்தது. கழித்த எஞ்ஜின் ஒயிலை அங்கேயே ஊற்றினார்கள். பழைய பெற்றரிகளை உடைத்து ஈயத் தகட்டை எடுத்துக்கொண்டு அசிட்டை மண்ணில் கவிழ்த்தார்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது 2002இல். அந்தக் கராஜ் அதற்கும் முந்தியது. கராஜ் மூடப்பட்ட பிறகு காணி பொதுத் தேவைக்கு வந்தது. மண் கறுத்துக் கிடந்தது. புல் கூடச் சரியாக முளைக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், ஜூன் 5, உலக சுற்றாடல் தினம். பந்தல், லவுட்ஸ்பீக்கர், அதிதிகள், சாப்பாட்டுப் பார்சல். 40 மரக்கன்றுகள் நட்டோம். கொய்யா, மா, வேம்பு, மருது, மகோகனி என்று கையில் கிடைத்ததெல்லாம். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் நட்டவரின் பெயர்ப்பலகை. "இந்த மரங்கள் மண்ணிலுள்ள நஞ்சை உறிஞ்சி இந்தப் பூமியைச் சுத்தப்படுத்தும்" என்று மைக்கில் ஒரு வரி வாசிக்கப்பட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த வரியை எழுதியதும் வாசித்ததும் நான்தான்.

இன்று நிற்பவை 13 மரங்கள். மற்றவை காய்ந்தன, ஆடு கடித்தது, யாரோ பிடுங்கினார்கள். எது எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், நடுவதற்கு முன் அந்த மண்ணில் என்ன நஞ்சு, எவ்வளவு இருந்தது என்று யாரும் பரிசோதிக்கவில்லை. ஆகவே இன்று அது குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா, கொய்யாவுக்குள் போயிருக்கிறதா என்று எந்தப் பேராசிரியர் வந்தாலும் ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்கு ஒன்றுமே இல்லை.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த ஒரு விஷயம் உண்டு. பாடக்குறிப்பு எழுதுவதும் கரும்பலகையை நிரப்புவதும் கற்பித்ததற்கு ஆதாரம் அல்ல. பிள்ளை கற்றதா என்று கணிப்பீடு செய்ய வேண்டும். பாடம் தொடங்க முன் பிள்ளைக்கு என்ன தெரியும், முடிந்த பின் என்ன தெரியும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் கற்றல். கணிப்பீடு இல்லாத பாடம் ஆசிரியரின் பேச்சு மட்டுமே. வகுப்பறையில் இதை இத்தனை வருடம் கடைப்பிடித்த நான், மரம் என்றவுடன் மறந்துவிட்டேன். நஞ்சான நிலத்தில் மரம் நடுவது ஒரு சிகிச்சை. அளக்காத சிகிச்சை சிகிச்சையல்ல. அது ஒரு படம் பிடிக்கும் நிகழ்ச்சி.

மரம் நிலத்தைச் சுத்தப்படுத்தும் என்பது பொய்யா? பொய்யில்லை. ஆனால் "மரம்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. சில தாவரங்கள் உலோகத்தை வேரால் உறிஞ்சி இலையில் சேர்க்கும். அந்த இலையை வெட்டி அகற்றினால்தான் நிலத்திலிருந்து நஞ்சு வெளியேறும். விட்டால் இலை உதிர்ந்து அதே மண்ணுக்குத் திரும்பும். சில தாவரங்கள் உறிஞ்சாது, வேரால் மண்ணைப் பிடித்து, நஞ்சு மழையில் அடித்துக்கொண்டு போகாமல் காக்கும். வெட்டிவேர், அதாவது சிங்களத்தில் சவந்தரா, இந்த வேலைக்குப் பேர்போனது. ஈயத்தின் பெரும்பகுதியைத் தன் வேரிலேயே வைத்துக்கொள்ளும். மூன்றாவது வகை மரங்கள் நிலத்தடி நீரை இழுக்கும். அதோடு சேர்ந்து சில இரசாயனங்களையும் இழுக்கும். அவற்றில் ஒரு பகுதி மரத்துக்குள்ளும் வேரடி மண்ணிலும் சிதைந்துபோகும், ஒரு பகுதி ஆவியாகும்.

ஆகவே முதல் கேள்வி, எந்த நஞ்சு? இரண்டாவது, எந்தத் தாவரம்? மூன்றாவது, எந்த வேலைக்கு? எங்கள் விழாவில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. ஈயம் மண்ணில் இறுகப் பிடித்துக்கொள்ளும் உலோகம். அதை மகோகனியோ கொய்யாவோ மூன்று வருடத்தில் உறிஞ்சித் தீர்க்கும் என்று நான் மைக்கில் சொன்னது வெறும் ஆசை.

ஆசையை அளந்து பார்த்தவர்களின் கதை ஒன்று சொல்கிறேன். 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு அந்தப் பிரதேசத்தில் சூரியகாந்தி நடும் இயக்கம் பெரிதாகப் பரவியது. பௌத்த விகாரையொன்று கூட விதைகளைப் பகிர்ந்தது. சூரியகாந்தி கதிரியக்க சீசியத்தை உறிஞ்சும் என்பது நம்பிக்கை. செர்னோபிலுக்கு அருகே 1990களில் குளத்து நீரில் அது ஓரளவு வேலை செய்திருந்தது. ஜப்பான் விவசாய அமைச்சு வயலில் நட்டு, அறுவடை செய்து, அளந்தது. அதே வருடம் செப்டெம்பரில் முடிவைச் சொன்னது. மண்ணிலிருந்த சீசியத்தில் ஏறக்குறைய 2000இல் ஒரு பங்கைத்தான் பூ எடுத்திருந்தது. மேல்மண்ணைச் சுரண்டி அகற்றும் வழியே பெரும் பலன் தந்தது. எவ்வளவு அழகான பூ, எவ்வளவு நல்ல எண்ணம். அளக்காமல் விட்டிருந்தால் மக்கள் அந்தப் பூக்களைப் பார்த்து நிலம் சுத்தமாகிவிட்டது என்று நம்பியிருப்பார்கள். தோல்வியை அறிவித்த அந்த அளவுதான் அவர்களைக் காப்பாற்றியது.

அளந்து முறையாக நடத்தியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாண்டில் அபர்டீன் என்ற இராணுவப் பரிசோதனைக் களம் உண்டு. அங்கே பல்லாண்டுகளாக இரசாயனங்களைக் குழிகளில் போட்டு எரித்திருந்தார்கள். நிலத்தடி நீரில் கரைப்பான்கள் கலந்திருந்தன. 1996இல் அங்கே 183 பொப்லர் மரங்களை நட்டார்கள். நட்டுவிட்டுப் போகவில்லை. தண்டுக்குள் எவ்வளவு நீர் ஏறுகிறது என்று கருவி பொருத்தி அளந்தார்கள். இலையும் கிளையும் வெளிவிடும் ஆவியைப் பையில் பிடித்துப் பரிசோதித்தார்கள். கிணறுகளில் நீர் மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். வருடக்கணக்காக. அந்தத் துறையில் இன்னொரு எளிய முறையும் வழக்கத்தில் இருக்கிறது. தண்டிலிருந்து பென்சில் பருமனில் சின்னத் துண்டொன்றைத் துளைத்தெடுத்துக் குப்பியில் மூடிப் பரிசோதித்தால், வேருக்குக் கீழே நீரில் என்ன கலந்திருக்கிறது என்று மரமே சொல்லிவிடும். டொக்டர் நமக்கு இரத்தம் எடுத்துப் பார்ப்பதைப் போல.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் வேலை என்று சொல்லாதீர்கள். இந்த அறிவு நம் நாட்டிலும் இருக்கிறது. ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில் கடலோரம் உஸ்ஸங்கொட என்ற செம்மண் வெளி இருக்கிறது. 2010இல் தேசிய பூங்காவாக்கினார்கள். அங்கே மண்ணில் இயற்கையாகவே நிக்கல் அதிகம். மரம் வளராது, குட்டைச் செடிகள்தான். அந்தச் செடிகளை ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, விஷ்ணுகிராந்தியும் ஓரிதழ்தாமரையும் இலைகளில் நிக்கலை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்து வைத்திருப்பதைக் கண்டார்கள். இரண்டும் நாட்டு வைத்தியத்தில் பயன்படுகிற மூலிகைகள். இதை இரண்டு தரம் வாசியுங்கள். பார்வைக்கு வாடவில்லை, கருகவில்லை, பச்சையாகப் பூத்து நிற்கிறது. ஆனால் இலைக்குள் உலோகம். ஒரு செடி செழிப்பாக நிற்பது அது நஞ்சில்லாதது என்பதற்குச் சாட்சியல்ல. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் இது.

நாம் பிள்ளையின் உடம்பை வைத்து அளக்கிறோம். மரத்தின் இலையையும் மண்ணையும் அளக்க மாட்டோம் என்றால் கடைசியில் அளவுகோலாக நிற்பது அந்தத் தரம் 8 பிள்ளைதான். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதுதான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. பழத்துக்குள் ஈயம் பொதுவாகக் குறைவாகத்தான் போகும். அதைவிட ஆபத்து கீரையும் கிழங்கும், பழத்தோலில் ஒட்டிய தூசியும், விளையாடிவிட்டுக் கழுவாத கையும். இதையெல்லாம் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவளிடம் "சாப்பிட வேண்டாம் மகள், கையை சவர்க்காரம் போட்டுக் கழுவு" என்று மட்டும் சொன்னேன். அவள் பழத்தை எறிந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மரம் நடுவது ஸதகா என்று கேட்டு வளர்ந்த சமூகம் நாம். நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் நட்டவருக்கு நன்மை என்று நம்புகிறோம். நானும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையாலேயே கேட்கிறேன். உண்பவருக்கு அது நன்மையா தீமையா என்று பார்க்காமல் நட்டுவிட்டுப் போனால் அந்த நன்மையை நான் எந்த முகத்தோடு எதிர்பார்ப்பேன்? நிலம் ஓர் அமானிதம். அமானிதத்துக்குக் கணக்கு உண்டு.

கணக்கு வைப்பது நமக்குத் தெரியாத கலையா? சபரகமுவவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. எங்களைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். காலையில் பால் வெட்டப் போகும் அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள். தன் பங்கு மரங்களில் எது நன்றாகப் பால் தருகிறது, எது காய்ந்துவிட்டது, எந்தப் பட்டையில் இனி வெட்டக்கூடாது என்று சொல்வார்கள். மாலையில் பாலின் எடை கொப்பியில் ஏறும். பணம் தரும் மரத்துக்கு இத்தனை கணக்கு. நிலத்தைச் சுகப்படுத்த வைத்த மரத்துக்கு ஒரு பெயர்ப்பலகையும் ஒரு போட்டோவும்.

இன்னொன்று. 2016 மே 17, அரநாயக்க மண்சரிவு. எங்கள் மாவட்டத்தில் யாராலும் மறக்க முடியாத நாள். அதற்குப் பிறகு நாங்கள் மழையை அளக்கப் பழகிவிட்டோம். இத்தனை மில்லிமீற்றர் பெய்தால் மலையடிவாரத்திலிருந்து எழும்ப வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எச்சரிக்கை வந்தால் பாடசாலை விடுகிறோம். மண் சரிந்தால் சத்தம் கேட்கும், ஆகவே அளக்கிறோம். மண்ணிலுள்ள நஞ்சு சத்தம் போடாது, ஆகவே விட்டுவிடுகிறோம்.

அளவும் பதிவும் இருந்தால் சாதாரண மக்களுக்கு என்ன பலன் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் சுன்னாகம் சாட்சி. அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, கிணற்று நீரைப் பரிசோதித்த அறிக்கைகள் கையில் இருந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில், அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வெறும் வாய்ச்சொல்லோடு போயிருந்தால் "உங்கள் கிணறு முதலிலேயே அப்படித்தான்" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

தமிழ்நாட்டின் கொடைக்கானலிலும் இதேதான். அங்கே 1983இல் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே போனது தெரியவந்து 2001இல் மூடப்பட்டது. சுற்றிவர அழகான சோலைக்காடு. பார்க்கிறவர்களுக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். 2003இல் வெளியான ஆய்வொன்றில் அங்குள்ள பாசியையும் கற்பாசியையும் பரிசோதித்துக் காற்றில் பாதரசம் பரவியதைக் காட்டினார்கள். ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்பதில் அதற்குப் பிறகும் பல வருடம் வாதாடினார்கள். இலக்கம் இருந்தபடியால் வாதாட முடிந்தது. இலக்கமில்லாத இடத்தில் வாதமும் இல்லை, பொறுப்பாளியும் இல்லை.

சிலர் சொல்வார்கள்: "டீச்சர், மரம் நட்டதே பெரிய விஷயம். அதிலும் குறை பிடித்தால் அடுத்த முறை யாரும் நட மாட்டார்கள்." நியாயமான பயம். மரத்தால் வேறு நன்மைகளும் உண்டு. நிழல் உண்டு, வேர் மண்ணைப் பிடிக்கிறது, தூசி பறப்பது குறைகிறது. சாய்வான எங்கள் நிலத்தில் அதுவே பெரிய உதவி. ஆனால் "நிழலுக்காக நடுகிறோம்" என்று சொல்லி நடுவது வேறு. "நிலம் சுத்தமாகிறது" என்று சொல்லி நடுவது வேறு. இரண்டாவதைச் சொன்னால் ஊர் நம்பும். வேலி அகற்றப்படும். பிள்ளைகள் விளையாடப் போவார்கள். யாரோ ஒருவர் ஓரத்தில் வல்லாரையும் கங்குனும் போடுவார். பொய்யான நிம்மதி நஞ்சை விட வேகமாகப் பரவும்.

"ஆய்வுகூடப் பரிசோதனைக்குக் காசு எங்கே?" என்பது அடுத்த கேள்வி. அன்றைய பந்தலுக்கும் லவுட்ஸ்பீக்கருக்கும் பார்சலுக்கும் காசு எங்கிருந்து வந்ததோ, அதே இடத்திலிருந்துதான். அத்தோடு இது பாடசாலையின் தலையில் கட்ட வேண்டிய செலவும் அல்ல. நிலத்தைக் கெடுத்தவருக்கு முதல் பொறுப்பு. அவரைத் தேடிப் பிடிக்க முடியாவிட்டால் அரசாங்கத்துக்கு. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இலிருந்து இருக்கிறது, மத்திய சுற்றாடல் அதிகார சபை இருக்கிறது, பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. கேட்க வேண்டியவர்கள் நாம். நாம் கேட்டது மரக்கன்று மட்டும்தான். கொடுத்தார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு கன்று நடும் முன் மண்ணை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு பிடி போதாது. பல இடங்களில், மேலும் கீழுமாக, எடுத்த இடங்களைக் குறித்து வைத்து. எந்த நஞ்சுக்காக எந்தச் செடி என்று எழுத வேண்டும். உண்ணும் பழமரம் அங்கே வேண்டவே வேண்டாம். பிறகு வருடா வருடம் அதே இடங்களில் மண்ணையும், மரங்களின் இலையையும், பக்கத்துக் கிணற்று நீரையும் பார்க்க வேண்டும். வெட்டும் கிளையும் கூட்டும் சருகும் எங்கே போகின்றன என்பதற்குப் பதில் வேண்டும். ஆட்டுக்குப் போடுவதோ அடுப்பில் எரிப்பதோ கூடாது. முடிவுகளை மூன்று மொழிகளிலும் ஒரு பலகையில் எழுதி அந்தக் காணியிலேயே நட வேண்டும், நட்டவர்களின் பெயர்ப்பலகைகள் நின்ற இடத்தில்.

பிள்ளைகளை அந்த மண்ணைக் கிண்ட விடக்கூடாது. ஆனால் அவர்களால் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று எத்தனை மரம் உயிரோடு இருக்கிறது என்று எண்ணலாம், இலை மஞ்சளாகிறதா, நுனி கருகுகிறதா என்று குறிக்கலாம். பெரியவர் ஒருவர் உள்ளே போய் நெஞ்சளவு உயரத்தில் தண்டைச் சுற்றி டேப் பிடித்து இலக்கத்தைச் சொன்னால் அவர்கள் எழுதலாம். அது விஞ்ஞானப் பாடம், கணிதப் பாடம், குடியியல் பாடம் மூன்றும்தான்.

போன கிழமை ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் 13 மரங்களையும் இலக்கமிட்டு எழுதினோம். நடப்பட்ட திகதி தெரியும். செத்துப்போன 27க்கும் 27 வரி வெறுமையாக விட்டிருக்கிறோம். "மண் பரிசோதனை" என்ற நிரலும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லி மூன்று இடங்களுக்குக் கடிதம் எழுதி அதிபரிடம் கொடுத்திருக்கிறேன். தாமதமான வேலைதான். மூன்று வருடத்துக்கு முன் மைக்கைப் பிடிக்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை.

உங்கள் ஊரிலும் பழைய கராஜ், குப்பை மேடு, மூடிய தொழிற்சாலை என்று ஓரிடம் இருக்கலாம். அங்கே மரம் நடும் விழாவுக்கு உங்களையும் கூப்பிடலாம். போங்கள், நடுங்கள். நட்டு முடித்துப் போட்டோவுக்கு நிற்க முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இதன் கணக்குக் கொப்பி யாரிடம் இருக்கிறது?"

அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.